பழசு ஒரு பொட்டுக்கூட இல்லாமல்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. தப்பாக நினைக்காதீர்கள். யூரியா சாக்கில் கட்டியிருப்பதால் உரம் என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர் பெட்டி. உங்கள் செருப்பு இரண்டு தடவை பட்டுவிட்டது. முதல் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

மணி என்ன ஆகிறது? இரண்டே முக்காலா? மூன்றரைக்குள் சுக்காம்பாறைப் பிரிவுக்குக் கொண்டுபோய் விடுவானா இந்த டிரைவர்? துறையூரில் ஏறும்போதே கண்டக்டரிடம் சொன்னேன், எனக்கு அவசரம் என்று. "எல்லாருக்கும் அவசரம்தான் பெருசு, உள்ள போ" என்கிறான். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால் வழியை மறைக்கிறதாம். கீழே வைத்தால் நாலு பேர் காலில் இடிபடுகிறது.

நாலு மணிக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பேச்சு. பஞ்சாயத்துத் தலைவர் வருகிறார், வி.ஏ.ஓ. வருகிறார், ஊரில் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் வருகிறார்கள். புகார் கொடுத்தவன் நான். எதிர்ப்பக்கம் என் கூடப் பிறந்தவன்.

பொன்னுரங்கம் என்று பெயர். நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று சொன்னேன். 'அவன்' என்றுதான் சொல்வேன். எட்டு வருஷமாக அவனோடு பேச்சு இல்லை.

எங்கள் அப்பா காடு ஆறு ஏக்கர். பாகம் பிரித்தபோது ரோட்டோரம் மூன்று ஏக்கர் அவனுக்கு, உள்ளே கிணற்றோடு மூன்று ஏக்கர் எனக்கு. அவன் வரப்போரமாகத்தான் என் வண்டி போய்வர வேண்டும். பத்திரம் எழுதினவர், "பாதையையும் ஒரு வரி எழுதிடலாமா?" என்று கேட்டார். நான்தான், "அண்ணன் தம்பிக்குள்ள பாதைக்கு எதுக்குய்யா எழுத்து?" என்றேன். பெரிய மனுஷத்தனம். இப்போது அனுபவிக்கிறேன்.

போன ஆவணியில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டான். ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்துதான் மிச்சம். போன வெள்ளாமை வெங்காயத்தைத் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்குச் சுமந்தோம். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பாதி காட்டிலேயே அழுகிப்போனது. இந்தத் தடவை மூன்று ஏக்கரும் வெங்காயம். இன்னும் பத்து நாளில் பிடுங்க வேண்டும். பாதை திறக்காவிட்டால் அவ்வளவும் மண்ணுக்குத்தான். அடுத்த வெள்ளாமை வைக்க என்னிடம் தெம்பில்லை தம்பி. காட்டை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போ என்கிறான், வேறென்ன.

மனசைப் பாருங்கள். பெண்டாட்டி செத்து முப்பது நாள் ஆகவில்லை, வேலி போட ஆள் கூட்டி வந்திருக்கிறான்.

நான் அந்தச் சாவுக்குப் போனேன். போகவில்லை என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதீர்கள். பந்தல் தெரிகிற இடம் வரைக்கும் போய் ரோட்டில் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். "வாண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே போயிருப்பேன். சொல்லவில்லை. அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். சாவு வீட்டில் யாரையும் 'வா' என்று கூப்பிடக்கூடாது, அது முறை இல்லை என்கிறாள் என் வீட்டுக்காரி. முறை எனக்கும் தெரியும். கூடப் பிறந்தவனுக்குமா அந்த முறை?

பேச்சு எதில் நின்றது என்று கேட்கிறீர்களா? என் மகள் கல்யாணப் பத்திரிகையில் நின்றது. அவன் பெயரைப் போட்டேன், அவன் பெண்டாட்டி பெயரைப் போட்டேன். அவன் மகன் பெயர் விட்டுப்போனது. அச்சுக்காரன் செய்த தப்பு. சரி, எழுதிக் கொடுத்தது நான்தான். நாற்பது பெயரில் ஒன்று விட்டுப்போகாதா? கல்யாணத்துக்கு வந்தான், சமையலுக்குத் தண்ணீர் டேங்க் டேங்காக அவன்தான் கொண்டுவந்து இறக்கினான். இறக்கிவிட்டுப் பந்தியில் உட்காராமல் போய்விட்டான். என் வீட்டுக் கல்யாணத்தில் கை நனைக்காமல் போனவனோடு எனக்கு என்ன பேச்சு?

மணி பாருங்கள் தம்பி. அவ்வளவுதானா? இந்தக் கடிகாரம் ஓடுகிறதா இல்லையா?

சொல்கிறேன், பெட்டி விஷயத்துக்குத்தான் வருகிறேன். என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பேச்சு இருந்த காலத்தில், அவன் காட்டில் போர் போட்டான். ஐந்நூறு அடி தாண்டியும் வெறும் மண் புகைதான் வந்தது. ஐந்நூற்று நாற்பதில் பீறிக்கொண்டு வந்தது பாருங்கள் தண்ணீர். என் மகள் கலைமதி கையில் ஒரு சின்ன கேமரா வைத்திருந்தாள். எல்லாவற்றையும் பிடித்தாள். அவன் தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு, நடுவில் நின்று ஆடுகிறான். போர் லாரிக்காரன் கேட்கிறான்: "லாரிய இந்தப் பாதையில நிறுத்திக்கவா? யாராச்சும் சண்டைக்கு வருவாங்களா?" அதற்கு அவன் சொல்கிறான்: "இது எங்கண்ணன் வண்டி போற பாதைய்யா. என் காலத்துலயும் போகும், என் மகன் காலத்துலயும் போகும். அவரைக் கேட்டுட்டு நிறுத்து!"

இதுதான் தம்பி ஆதாரம். அவன் வாயாலேயே சொன்னது. அதில் நானும் இருக்கிறேன், ஓரமாக. அவன் பெண்டாட்டி தங்கமணி பின்னால் நிற்பாள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. "பெரிய மாமா நனையறாங்க, அந்தக் குடையக் குடுங்க" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். தண்ணீர் மழையாகக் கொட்டுகிற இடத்தில் குடை எதற்கு? ஒரு நிமிஷம் நாற்பது செகண்டு. எனக்கு மனப்பாடம்.

கேமரா கெட்டுப் போய்விட்டது. கலைமதி ஓசூருக்கு வாழப் போகிறபோது அந்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். எனக்கு நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதனால், "அப்பா, ஸ்கிரீன்லயே முன்னாலயே வச்சிருக்கேன், வலது பக்கம் கீழ மூலையில. எங்கயும் தேட வேண்டாம், ரெண்டு தட்டு தட்டு, ஓடும்" என்றாள். அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் தினமும் ஒரு தடவை பார்ப்பேன். ஆதாரம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஆறு மாதமாகக் கம்ப்யூட்டர் மக்கர். போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால்தான் முகம் காட்டும். வீடியோ ஓடும், ஓடும், "இது எங்கண்ணன்" என்கிற இடத்தில் நின்றுவிடும். அவன் வாய் திறந்தபடி நிற்பான். ஒரு சொட்டுத் தண்ணீர் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டு நிற்கும். அப்படியே மண்டபத்தில் போட்டால் என்ன ஆகும்? "அண்ணன் வண்டி போற பாதை" என்பது வராமல் "இது எங்கண்ணன்" என்று மட்டும் வந்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கலைமதியிடம் போனில் சொன்னேன். "ஓ.எஸ். ரொம்பப் பழசுப்பா. எடுத்துட்டுப் புதுசு போடணும். கடைக்காரர்கிட்ட இருக்கிறதை எல்லாம் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். காப்பியா? கடையில் ஒரு காப்பி எடுத்தால் அது துறையூர் பூராவும் போகும், நாளைக்கு அவன் கைக்கும் போகும். அவன் அதற்கு ஒரு பதில் தயார் செய்துகொண்டு வருவான். நான் சரி சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இங்கேதான் தம்பி மூளை வேண்டும். நான் டிவியைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. டிவி என்றால் கம்ப்யூட்டர் டிவிதான், படம் தெரிகிறதே அது. வெறும் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். வீடியோ ஸ்கிரீனில்தானே இருக்கிறது, வலது பக்கம் கீழ் மூலையில்? அதை வீட்டுக்காரியின் நூல் புடவையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு வந்திருக்கிறேன். இதோ பாருங்கள் சாவி. மெக்கானிக் கை அதில் படவே படாது.

என்ன? இருங்கள், இருங்கள். முழுசாகக் கேளுங்கள். நீங்கள் படித்தவர், குறுக்கே பேசுவீர்கள், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ரியாஸ் என்று ஒரு ஆள் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். பெட்டியைத் திறந்து தூசியை ஊதினார், உள்ளே பல்லி முட்டை இருந்தது. "அய்யா, உள்ள படம், பாட்டு, பத்திரம் ஏதாவது வேணும்னா சொல்லுங்க. எடுத்து வச்சுட்டுப் புதுசு போடறேன்" என்றார். "உள்ள ஒண்ணும் வேண்டாம். வேணும்கிறது வீட்டுல பத்திரமா இருக்கு" என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, என் வீட்டுச் சாமான் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"மேலாக அழிச்சா பத்து நிமிஷம், அடியோட அழிச்சா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். உங்களுக்கு மேலாகவே போதும்யா" என்றார். நான் விடவில்லை. அவன் மகன் சரவணபவன் ஒரு காலத்தில் இந்தக் கம்ப்யூட்டரில்தான் பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவான், நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். அந்தக் கை பட்டதிலிருந்துதான் எனக்குச் சந்தேகம். ஏதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதனால்தான் சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. "அடியோட அழி. பழசு ஒரு பொட்டுக்கூட இருக்கக்கூடாது. நான் உக்காந்திருக்கேன்" என்றேன். உட்கார்ந்திருந்தேன். ஒரு பச்சைக் கோடு எறும்பு ஊர்கிற மாதிரி நகர்ந்தது. அது முடிகிற வரைக்கும் நான் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. எனக்கு என்னவோ நெஞ்சு லேசான மாதிரி இருந்தது.

என்ன தம்பி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? பஸ் ஒத்துக்கொள்ளவில்லையா? ஜன்னலோரம் வருகிறீர்களா?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் அந்த சரவணபவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். எட்டு வருஷத்துக்கு அப்புறம். உள்ளே வரவில்லை. "பெரியப்பா, போர் போட்ட அன்னிக்கு எடுத்த வீடியோவுல எங்கம்மா இருக்காங்களாமே. அம்மா போட்டோதான் இருக்கு, குரல் எங்ககிட்ட எதுவும் இல்ல. ஒரு காப்பி குடுத்தீங்கன்னா அப்பா பார்ப்பாரு" என்றான். எனக்குத் தெரியாதா? அம்மா பெயரைச் சொல்லி ஆதாரத்தை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான். "உங்கப்பன மண்டபத்துல வந்து பார்க்கச் சொல்லு. ஊரே பார்க்கும்போது பார்க்கட்டும்" என்றேன். "சரி பெரியப்பா" என்று போய்விட்டான். என் வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள். "செத்தவ குரலுக்குக் கூடவா கதவு சாத்துவ?" என்றாள். பெண்களுக்கு வழக்கு விவகாரம் தெரியாது.

இன்றைக்கு மண்டபத்தில் பூசாரியிடம் சொல்லி பிளக் ஏற்பாடு செய்திருக்கிறேன். தலைவர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார், வீடியோ போடப்போகிறார்கள் என்று. பெட்டி வந்ததும் டிவியோடு மாட்டினால்...

சொல்லுங்கள். இவ்வளவு நேரமாக வாயைத் திறந்து திறந்து மூடுகிறீர்கள். என்ன?

இல்லை.

இல்லை தம்பி, உங்களுக்குப் புரியவில்லை. நான் தினமும் பார்க்கிறேன். அதில்தான் இருக்கிறது. கரண்டை நிறுத்தினால் கறுப்பாகிவிடும், திரும்பப் போட்டால் அதே மூலையில் அதே படம் வருகிறதே. டிவிக்குள் இல்லாவிட்டால் எப்படி வரும்?

முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரியா? நான் நகர்ந்துவிட்டால் கண்ணாடியில் என் முகம் இருக்குமா என்றா கேட்கிறீர்கள்?

அப்படியானால் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளா இருந்தது?

உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலையா? பள்ளிக்கூட வாத்தியாரா? வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று இல்லை. போன் போடுங்கள். இதோ ரியாஸ் கடைச் சீட்டு. என் போனில் எனக்குப் போடத் தெரியாது, பச்சையை அழுத்தி எடுக்கத்தான் தெரியும். உங்கள் போனில் போடுங்கள். சத்தமாக வையுங்கள். எல்லாரும் கேட்டால் கேட்கட்டும்.

ரியாஸ், நான்தான்ப்பா, சுக்காம்பாறை வையாபுரி. வீடியோ எங்க இருக்கு? டிவியிலதானே?

கேட்டீர்களா. "அய்யா, எதுவா இருந்தாலும் பெட்டியிலதான்யா இருந்திருக்கும். மூணு வாட்டி கேட்டேனே. வீட்டுல இருக்குன்னீங்க, பென்டிரைவுல வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்கிறார். திருப்பி எடுக்க முடியாதா என்று நீங்களும் கேட்டுப் பார்த்தீர்கள். "மேலாக அழிச்சிருந்தா தோண்டிப் பார்த்திருக்கலாம் சார். அடியோட அழிக்கச் சொல்லிட்டாரே. பக்கத்துலயே உக்காந்திருந்தாரே" என்கிறார்.

உட்கார்ந்திருந்தேன். ஆமாம்.

மணி சொல்ல வேண்டாம். தெரிகிறது, பெருமாள் மலை தாண்டிவிட்டது.

ஒரு வழி இருக்கிறது. இருங்கள், யோசிக்கிறேன். பெட்டி காலி என்று அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, உங்களையும் ரியாசையும் தவிர. நீங்கள் வேறு ஊர். நான் பெட்டியைக் கொண்டுபோய் மண்டபத்தின் நடுவில் வைக்கிறேன். டிவியையும் பக்கத்தில் வைக்கிறேன். வைத்துவிட்டு, "நீயா ஒத்துக்கறியா, இல்ல போடட்டுமா?" என்று கேட்கிறேன். ஊர் முன்னால் அசிங்கப்பட வேண்டாம் என்று ஒத்துக்கொள்வான். பாதை திறந்துவிடும். வெங்காயம் வெளியே வந்துவிடும். என்ன சொல்கிறீர்கள்? வாத்தியார் பொய்க்கு ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

ஒத்துக்கொள்வானா?

மாட்டான் தம்பி. "போடுண்ணே" என்பான். பாதைக்காக இல்லை. முதல் வரிசையில் வந்து உட்காருவான். மகனைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைப்பான். அவனுக்கு வேண்டியது அந்தக் குடை. "அந்தக் குடையக் குடுங்க" என்று அவள் சொல்வதைக் கேட்கத்தான் வருகிறான். பாதை என்று அவன் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருக்குமோ இருக்காதோ.

பையன் கேட்டபோது நான் கொடுத்திருந்தால் இப்போது அவன் வீட்டில் ஒரு காப்பி இருந்திருக்கும். சொல்ல வேண்டாம், எனக்கே தெரிகிறது.

பிரிவு வந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டும். அந்த முடிச்சைக் கொஞ்சம் பிடியுங்கள். மெதுவாக. இல்லை, எப்படி வேண்டுமானாலும் தூக்குங்கள், இப்போது என்ன?

அதோ, நிழற்குடையில் நிற்கிறான் பாருங்கள். வெள்ளைச் சட்டை. அவன்தான். மண்டபத்துக்குப் போகாமல் இங்கே ஏன் நிற்கிறான்? சவரம் பண்ணியிருக்கிறான். அவள் போனதிலிருந்து தாடிதான் வைத்திருந்தான், ஊரே சொல்லும். இன்றைக்குச் சவரம் பண்ணித் தலை வாரியிருக்கிறான்.

படிக்கட்டுப் பக்கம் வருகிறான். கையை நீட்டுகிறான். என்ன சொல்கிறான், கேட்கிறதா உங்களுக்கு?

"குடுண்ணே. பார்த்து. நான் வாங்கிக்கிறேன்" என்கிறான். எட்டு வருஷம் ஆயிற்று 'அண்ணே' என்கிற அந்த வார்த்தையை நேரில் கேட்டு.

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான் தம்பி. கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி.

நீங்கள் கொடுக்காதீர்கள். சாக்கை என்னிடம் விடுங்கள். சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கண்டக்டர், விசில் ஊதாதே. எல்லாருக்கும் அவசரம்தான், தெரியும். ஒரு நிமிஷம் நிறுத்து. இவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பொன்னுரங்கம்...